அனிமல் குரோசிங்கா, ஸ்டார்டியூ வேலியா?

லீவுக்குப் பிள்ளைகளுக்கு எதை வாங்குவது என்று உவர்மலையில் இருக்கிற அக்கா கேட்டா. இரண்டும் வீடியோ விளையாட்டுகள்தான்: அனிமல் குரோசிங்கில் ஒரு தீவையும் ஸ்டார்டியூ வேலியில் ஒரு பண்ணையையும் வளர்த்து, அயலவரோடு பழகுவது, சண்டை குறைவு.

செலவு: 2020இல் வந்த அனிமல் குரோசிங் நியூ ஹொரைசன்ஸுக்கு நின்டெண்டோ சுவிட்ச் என்ற விளையாட்டுக் கருவி கட்டாயம் வேண்டும், காசு அங்கேதான் கரையும். 2016இல் வந்த ஸ்டார்டியூ வேலி விலை குறைவு, பழைய கணினியிலும் ஓடும், கைபேசியிலும் உண்டு.

கூடி ஆடுவது: முன்னதில் ஒரு சுவிட்சுக்கு ஒரே தீவு, 8 பேர் வரை குடியேறலாம், ஆனால் முதலில் தொடங்கியவர்தான் பாலம் எங்கே, வீடு எங்கே என்று தீர்மானிப்பார் (எங்கள் வீட்டில் சின்னவள் முந்திவிட்டாள், மூத்தவன் இன்னும் முறைக்கிறான்). பின்னதில் திரையைப் பிரித்து ஒரே பண்ணையில் இருவரும் உழலாம்.

நேரம்: தீவில் நம் கடிகாரமே ஓடும். தொடக்கத்தில் வட அரைக்கோளத்தைத் தெரிவு செய்தால் டிசம்பரில் அங்கே பனி கொட்டும், வெளியே எங்கள் திருகோணமலையில் வாடை மழை. ஸ்டார்டியூவில் ஒரு நாள் ஏறக்குறைய 14 நிமிடம், ஆனால் படுக்கைக்குப் போனால்தான் சேமிக்கும், நடுவில் கரண்ட் போனால் அன்றைய உழைப்பு போச்சு.

வாசிப்பு: இரண்டிலும் தமிழ் இல்லை, சிறுசுகளுக்கு யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். ஸ்டார்டியூவில் மதுச்சாலையும் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சுவிட்ச் ஏற்கெனவே இருந்து, பிள்ளைக்கு பத்து வயதுக்குள் என்றால் தீவு. கணினி மட்டும்தான், பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்தவர்கள் என்றால் பண்ணை. அக்காவுக்குப் பண்ணையைத்தான் சொன்னேன்.