யிங்கா ஷோனிபாரேயின் விண்வெளி அகதி: போய்ப் பார்க்கலாமா?

லண்டன் யூஸ்டன் ரோட்டில் இருக்கும் அருங்காட்சியகமான வெல்கம் கலெக்‌ஷனுக்குள் மழைக்கு ஒதுங்கத்தான் நுழைந்தேன், டிக்கெட் கிடையாது என்பது கூடுதல் வசதி. 'பீயிங் ஹ்யூமன்' கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு விண்வெளி வீரர் சிலை, யிங்கா ஷோனிபாரே என்ற கலைஞர் செய்தது. உடை முழுக்கக் கண்ணைப் பறிக்கும் ஆப்பிரிக்கத் துணி, முதுகில் ஒரு வலைப்பை நிறையத் தட்டுமுட்டுச் சாமான். கொடி நட வந்த மிடுக்கெல்லாம் காணோம். வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு கிளம்பியவர் மாதிரி, சுமையில் கொஞ்சம் குனிந்து நடக்கிறார். பூமியே வாழ லாயக்கில்லாமல் போனால் நாமும் இப்படித்தான் கிளம்புவோம் போல. அதன் முன்னால் கால்மணி நேரமாவது நின்றிருப்பேன்.

ஷோனிபாரே 1962இல் லண்டனில் பிறந்து, மூன்று வயதில் லாகோஸுக்குப் போய், 17 வயதில் திரும்பி வந்தவர். ஆப்பிரிக்கத் துணி என்றேனே, அது தனிக்கதை. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியைப் பார்த்து டச்சுக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் மெஷினில் அடித்த நகல் அது. ஜாவாவில் சரியாகப் போணியாகவில்லை, மேற்கு ஆப்பிரிக்காவில் பிய்த்துக்கொண்டு போய் நாளடைவில் அவர்களுடையதே ஆகிவிட்டது. இவர் அதை வாங்கியதோ லண்டன் பிரிக்ஸ்டன் சந்தையில்! (நம் மெட்ராஸ் கட்டம் போட்ட துணி நைஜீரியாவின் கலபாரி மக்களிடம் சடங்குத் துணியாக இருக்கிறது. துணியிடம் சொந்த ஊர் கேட்கக் கூடாது.)

அப்புறம் கிரீனிச்சில், தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு வெளியே, இவர் செய்த இன்னொன்று: பாட்டிலுக்குள் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பல். 2010இல் டிரஃபால்கர் சதுக்கத்தில் வைத்தது, 2012இலிருந்து இங்கே. 'விக்டரி' கப்பலின் 30இல் ஒரு பங்கு அளவு, 37 பாய்கள், எல்லாம் அதே ரகத் துணி. எப்படி உள்ளே நுழைத்தார்கள் என்று வருகிற குழந்தையெல்லாம் கேட்கிறது. எனக்கு? அழகு, சரி, அவ்வளவுதான். விண்வெளிக்காரர் உறுத்தியதில் பாதிகூட இது உறுத்தவில்லை.

ஒரு குறை உண்டு: எதை எடுத்தாலும் அதே துணி, கொஞ்சம் அலுக்கிறது. ஆனால் 'தி பிரிட்டிஷ் லைப்ரரி' என்ற இவருடைய படைப்பை, படத்தில்தான் பார்த்திருக்கிறேன், விட்டுக்கொடுக்க மாட்டேன். 6,328 புத்தகங்களுக்கு இந்தத் துணியில் அட்டை போட்டு, பலவற்றின் முதுகில் குடியேறி வந்தவர்களின் பெயரைத் தங்க எழுத்தில் பதித்தவர், நடுநடுவே குடியேற்றத்தை எதிர்த்தவர்கள் பெயரையும் சொருகியிருக்கிறார். என்ன குறும்பு!

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் யூஸ்டன் ரோடு. திங்கட்கிழமை போய் நிற்காதீர்கள், மூடியிருக்கும்.