கைகள் அருமை, கண்ணுக்குக் கீழேதான் தகராறு: ஓர் ஆக்டோபஸ் 3டி மாடல்

ஆக்டோபஸ் 3டி மாடல் என்று தேடினால் வந்து விழுபவை பெரும்பாலும் ஒரே ரகம்தான். மேலே ஒரு மொட்டைத் தலை, கீழே எட்டு தோட்டக் குழாய். அந்தக் கூட்டத்தில் இது தனியாகத் தெரிந்ததால்தான் வாங்கினேன். ராட்சத பசிபிக் ஆக்டோபஸ், அதாவது ஜப்பானிலிருந்து அலாஸ்கா வழியாக கலிபோர்னியா வரை குளிர்ந்த கடலில் வாழும் இனம், ஒரு பாறைமேல் சரிந்து ஏறுகிற மாதிரி ஸீபிரஷ் என்ற 3டி சிற்ப மென்பொருளில் செதுக்கியிருக்கிறார்கள். 3டி பிரிண்ட் எடுப்பதற்கான எஸ்டிஎல் கோப்பு, ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். விற்றவர் பெயரைச் சொல்லவில்லை, கீழே கொஞ்சம் திட்டப்போகிறேன்.

முதலில் கைகள். சோம்பேறித்தனமாகச் செய்பவர்கள் ஒரே ஓர் உறிஞ்சியைச் செதுக்கி, அதையே கையின் வளைவு நெடுக முத்திரை குத்திக்கொண்டு போவார்கள், எல்லாம் ஒரே அளவு, எல்லாம் அச்சு வட்டம். இதில் அந்த வேலை இல்லை. வாய்க்குப் பக்கத்தில் சின்னதாகத் தொடங்கி, கொஞ்சம் தள்ளிப் பெருத்து, நுனிக்குப் போகப் போகக் குண்டூசித் தலை அளவுக்குச் சிறுத்துவிடுகின்றன, இரண்டு வரிசையும் ஒழுங்காக. பாறையைப் பிடித்திருக்கும் உறிஞ்சிகள் தட்டையாகப் பரந்திருக்கின்றன, காற்றில் தொங்கும் கையில் இருப்பவை விளிம்பு சுருங்கி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கின்றன. நிஜத்திலும் ஒவ்வோர் உறிஞ்சியும் தனித்தனியாக அசையும். பெண்ணுக்குக் கை ஒன்றுக்கு சுமார் 280, மொத்தம் 2,240 என்று கணக்கு. நான் எண்ணிப் பார்க்கவில்லை, ஆனால் ஏமாற்றிய மாதிரியும் தெரியவில்லை.

எட்டுக் கையும் எட்டு வேலை செய்வதும் பிடித்தது. ஒன்று இடுக்குக்குள் துழாவுகிறது, ஒன்று உடம்பை இழுக்கிறது, ஒன்று சும்மா சுருண்டு கிடக்கிறது. இந்த விலங்கின் நரம்பணுக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கிறது என்பதால் இதுதான் சரி, சமச்சீராக விரித்து வைத்தால் பொம்மைதான். நாம் தலை என்று நினைக்கிற பெரிய பை உண்மையில் உடம்பு, மூன்று இதயம், செவுள், குடல் எல்லாம் அதற்குள்ளே. அந்தப் பையின் விளிம்பில் தண்ணீர் உள்ளே போகும் பிளவையும், வெளியே பீய்ச்சும் புனலையும் மறக்காமல் செதுக்கியிருக்கிறார் மனுஷன். கவிழ்த்துப் பார்த்தால் நடுவில் வாய், அதில் அலகின் நுனிகூட இருக்கிறது. பிரிண்டுக்குள் தேங்கும் ரெசின் (ஒளி பட்டால் இறுகும் திரவப் பிளாஸ்டிக்) வடிவதற்கான துளையைச் சரியாக அந்த வாயிலேயே வைத்த மூளைக்கு ஒரு கும்பிடு.

சரி, இப்போது திட்டு.

கண்ணுக்குக் கீழே கண்ணிமை முடி மாதிரி மூன்று முளைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பார்க்க அழகுதான், ஆனால் அது வேறோர் இனத்தின் அடையாளம். அதே பசிபிக் கரையில் செந்நிற ஆக்டோபஸ் என்று ஒரு சின்ன இனம் உண்டு. ராட்சத ஆக்டோபஸின் குட்டியையும் அதையும் பிரித்துச் சொல்ல அங்கே முக்குளிப்பவர்கள் முதலில் பார்ப்பதே இந்த மூன்று முளைகளைத்தான், இருந்தால் செந்நிறம், இல்லையென்றால் ராட்சதம். இணையத்தில் எடுத்த மாதிரிப் படங்களில் இரண்டும் கலந்துவிட்டன போல. உடம்பில் நீளவாக்கில் ஓடும் தோல் மடிப்புகளை ராட்சதத்துக்கே உரிய மாதிரி அவ்வளவு பொறுமையாகச் செதுக்கிய ஆள் இங்கே கோட்டைவிட்டதுதான் எரிச்சல்.

அடுத்தது, விவரக்குறிப்பில் 'வளர்ந்த ஆண்' என்று போட்டிருக்கிறார்கள். ஆணுக்கு வலப்பக்கம் மூன்றாவது கையின் நுனியில் உறிஞ்சியே இருக்காது. வழவழப்பாக நீண்டிருக்கும், விந்துப் பொதியைப் பெண்ணுக்குக் கொடுப்பதற்கான கை அது (இந்த இனத்தில் அந்தப் பொதியே ஒரு மீட்டர் வரை நீளும்!). மாடலில் அந்தக் கையிலும் நுனிவரை உறிஞ்சிகள் இருக்கின்றன. ஆக, நம்மிடம் இருப்பது பெண். கண்மணியும் உடம்போடு சேர்ந்து சாய்ந்திருக்கிறது. உடம்பு எப்படித் திரும்பினாலும் ஆக்டோபஸ் அந்தப் பட்டைக் கண்மணியைக் கிடைமட்டமாகவே வைத்துக்கொள்ளும், ஆனால் இதை நூற்றுக்கு ஒருவர்கூடக் கவனிக்க மாட்டார்கள், விட்டுவிடலாம்.

பிரிண்ட் எடுப்பவர்களுக்கு: சப்போர்ட் போட்டே வரும் கோப்பைத் தொடாதீர்கள். தாங்குகுச்சிகள் எல்லாம் உறிஞ்சிப் பக்கமாகக் குத்தி நிற்கின்றன, பிய்த்து எடுக்கும்போது இருப்பதிலேயே நல்ல வேலைதான் நாசமாகிறது. வெறும் கோப்பை எடுத்து, முதுகுப்பக்கம் கீழே வரும்படி சாய்த்து, சப்போர்ட்டை நீங்களே போடுங்கள். குச்சி பிய்ந்த தழும்புகளைத் தோல் மடிப்புகளுக்குள் மறைப்பது சுலபம். உள்ளே குழிவாக்கினால் கழுவும்போது ஆல்கஹாலை வாய்த்துளை வழியாக நன்றாகச் செலுத்தி அலசுங்கள், தேங்கிய ரெசின் பிறகு சுவரையே வெடிக்க வைத்துவிடும்.

அப்புறம் அந்தக் கண்ணிமை விஷயம். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஸ்மூத் பிரஷ் வைத்து நாலு தேய் தேய்த்தால் மூன்று முளைகளும் காணாமல் போய்விடும். ஆண்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் வலது மூன்றாவது கையின் நுனியையும் அதே பிரஷால் மழுக்கிக்கொள்ளலாம். நான் பெண்ணாகவே விட்டுவிட்டேன்.