டேப் வெளியே வரவில்லையா? எம்டி-எஸ்டியை வைத்துக்கொள்ளுங்கள்

லினக்ஸில் டேப் டிரைவ் (காந்த நாடாவில் தரவைப் பதியும் கருவி) வைத்து பேக்கப் எடுப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்லும் மென்பொருள் எம்டி-எஸ்டி; டிரைவுக்குக் கட்டளை அனுப்புவதுதான் அதன் வேலை. இலவசம், மிகச் சிறியது, கட்டளை வரியில் ஓடுவது. 5-க்கு 4 கொடுப்பேன்.

நான் பார்த்துக்கொள்ளும் சர்வரில் இருப்பது எல்டிஓ-6 டிரைவ் (எல்டிஓ என்பது ஒரு டேப் வகை, 6 அதன் தலைமுறை). பேக்கப் பாதியில் செத்துப்போனால் டேப் உள்ளேயே நின்றுவிடும், எஜெக்ட் பொத்தானை அழுத்தினாலும் அசையாது. பார்ப்பவர்கள் டேப் சிக்கிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. டேப்பை வெளியே விடாதே என்று டிரைவுக்கு உத்தரவு போடும் ஸ்கசி (கணினியும் டிரைவும் பேசிக்கொள்ளும் முறை) கட்டளை ஒன்று இருக்கிறது. அந்த உத்தரவு நீங்கும்வரை டிரைவ் பொத்தானைக் கண்டுகொள்ளாது. சில பேக்கப் மென்பொருள்கள் கர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) டேப் டிரைவரை, அதாவது டிரைவை இயக்கும் மென்பொருளை, சுற்றிக்கொண்டு நேரடியாகவே இந்தப் பூட்டைப் போடும். அப்போது பூட்டு இருப்பதே டிரைவருக்குத் தெரியாது, டேப்பை வெளியே தள்ளும் ‘ஆஃப்லைன்’ கட்டளை தோற்றுவிடும். எம்டி-எஸ்டியில் பூட்டை எடுக்கும் ‘அன்லாக்’ கட்டளை இருக்கிறது. முதலில் அது, அப்புறம் ஆஃப்லைன். டேப் ரீவைண்ட் ஆகி வெளியே வரும்.

டெபியனில் (லினக்ஸின் ஒரு வகை) ஒரு விஷயம் கவனியுங்கள். சிபிஐஓ பொதியோடு வேறொரு எம்டி ஏற்கெனவே வந்திருக்கும். இரண்டையும் கூப்பிடும் பெயர் ‘எம்டி’தான், ஆனால் சிபிஐஓவோடு வருவதில் அன்லாக் கிடையாது. எம்டி-எஸ்டியைத் தனியாக நிறுவிக்கொள்ளுங்கள்.

ஒரு புள்ளி ஏன் குறைத்தேன்? ‘டிவைஸ் பிஸி’ (டிரைவ் பயன்பாட்டில் இருக்கிறது) என்று சொல்லும், எந்த நிரல் பிடித்துவைத்திருக்கிறது என்று சொல்லாது. அதற்கு அதைக் காட்டும் ஃபியூசர் கட்டளையையோ எல்எஸ்ஓஎஃப் கட்டளையையோ ஓட்டிப் பார்க்க வேண்டும். பல நேரம் பேக்கப் எடுக்கும் பழைய டார் நிரல் ஒன்று பின்னணியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதை நிறுத்தினாலே வேலை முடிந்தது.

ரீவைண்ட் கொடுத்த பிறகு திரையில் ஒன்றும் வராமல் இருப்பதும் கலவரப்படுத்தும். லினக்ஸின் டேப் டிரைவர் நீண்ட வேலைகளுக்கு 14,000 நொடிவரை, அதாவது கிட்டத்தட்ட 4 மணி நேரம், காத்திருக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. டிரைவ் பதில் சொல்லாமல் உறைந்துபோனால் காத்திருக்கும் அந்த ப்ராசஸ் (ஓடும் நிரல்) கில் மைனஸ் 9 என்ற கட்டாய நிறுத்தக் கட்டளைக்கும் மசியாது. இந்த வரம்பை எம்டி-எஸ்டியிலேயே குறைக்கலாம். ஆனால் நான் குறைக்க மாட்டேன்; டேப்பை முழுவதும் அழிக்கும் வேலை உண்மையிலேயே மணிக்கணக்கில் ஓடும்.

தயவுசெய்து இடுக்கியை எடுக்காதீர்கள். எல்டிஓ கேட்ரிட்ஜுக்குள் ஒரே ஒரு ரீல்தான், இன்னொரு ரீல் டிரைவுக்குள் இருக்கிறது. எல்டிஓ-6 டேப்பின் நீளம் 846 மீட்டர். அது முழுவதும் திரும்பச் சுற்றப்படாமல் கேட்ரிட்ஜை இழுத்தால் டேப் கிழியும், டிரைவும் போகும். பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து வலுக்கட்டாயமாக வெளியே எடுக்கும் வசதி பல டிரைவ்களில் உண்டு. அதுவும் கடைசி வழிதான். எழுதிக்கொண்டிருக்கும்போது செய்தால் தரவு முடியும் இடத்தைக் காட்டும் குறி பதிவாகாமல் போகலாம், பிறகு அந்த டேப்பைப் படிப்பது பெரும்பாடு.

அன்லாக்கும் ஆஃப்லைனும் கொடுத்தும் ‘இன்புட் அவுட்புட் எரர்’ வந்தால் எம்டிஎக்ஸ் பொதியில் உள்ள டேப்இன்ஃபோவை ஓட்டுங்கள். டிரைவ் எழுப்பிய எச்சரிக்கைகளை எண்ணோடு காட்டும். 10 என்றால் டிரைவ் இன்னும் வேலையில் இருக்கிறது, பொறுங்கள். 20 என்றால் டேப் வெளியே வந்ததும் கிளீனிங் கேட்ரிட்ஜைப் போடுங்கள்.