லேத்தைவிடப் பெட்டிதான் லாபம்

கோவையில் ஒரு பழைய மெஷின் கடையில் வாங்கிய நாலரை அடி லேத்தோடு (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) அதன் உதிரிகள் கிடந்த ஒரு மரப்பெட்டியும் வந்தது. எது எதற்கென்று விற்றவருக்கே தெரியவில்லை. எல்லாம் கிரீஸும் துருவும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்த பிறகுதான் ஒவ்வொன்றாக அடையாளம் தெரிந்தது.

ஒரு பெரிய கியர். ஒரு பல்லில் சாக்பீஸ் வைத்து எண்ணினால் 127. அப்படியே துள்ளிவிட்டேன், ஏனென்றால் என் லேத்தின் லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது உளியை நகர்த்தும் நீளத் திருகு) இஞ்ச் கணக்கு, ஓர் இஞ்ச் 25.4 மிமீ, அதை ஐந்தால் பெருக்கினால் 127, அதாவது இது இருந்தால் மில்லிமீட்டர் மரையைத் துல்லியமாக வெட்டலாம். வெண்கல விரல் இரண்டு வைத்த வளைந்த வார்ப்பு, உளி பொருத்திய கேரியேஜோடு நகர்ந்து மெலிந்த கம்பியைத் தாங்கும் டிராவலிங் ஸ்டெடி. விரல் நுனியில் கம்பி ஓடிய தடம்கூட இருக்கிறது. கடையும் பொருளை நுனியில் தாங்கும் கூம்புகளான சென்டர்களின் தடித்த முனையில் வெர்னியர் அளவி வைத்தால் 23.8 மிமீ, சரி, மோர்ஸ் டேப்பர் 3 (கூம்புச் சரிவின் நிலையான அளவுகளில் ஒன்று).

ஒரே குறை, கடையும் பொருளைப் பிடிக்கும் சக்கின் தாடைகளுக்கு ஆளுக்கொரு எண் இருக்கவேண்டும், ஆனால் இரண்டில் '2' என்று பொறித்திருக்கிறது, '1' இல்லவே இல்லை. காசு கொடுக்கும் முன் தாடை எண்களைப் பாருங்கள். மொத்தத்தில் இந்தப் பெட்டிக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன்.