கையில வலு கம்மியா இருக்கவங்களுக்கு 380 ஷீல்டு ஈஸி: வச்சிருந்து பாத்ததுல தெரிஞ்சது

ஸ்லைடு (பிஸ்டலோட மேல்பக்கம் பின்னாடி இழுக்கற பாகம்) இழுக்க முடியல, விரல்ல வலி, மேகசின்ல (தோட்டா அடுக்கற டப்பா) தோட்டா நெரப்பறதுக்குள்ள கை ஓஞ்சு போகுது, என்ன பிஸ்டல் வாங்கலாம்னு கேக்கறவங்களுக்காக எழுதறேன். நான் வச்சிருக்கறது ஸ்மித் அண்ட் வெசன் எம் அண்ட் பி 380 ஷீல்டு ஈஸி, கட்டைவிரல் சேஃப்டி வச்ச மாடல். எனக்கு முடக்குவாதம். காலைல எழுந்தா விரல் மடங்காது, கட்டைவிரல் அடிமூட்டுல எப்பவும் ஒரு வலி இருந்துட்டே இருக்கும். அதனால இத ஒரு நல்ல கை உள்ளவர் எழுதற ரிவ்யூவா படிக்காதீங்க, துல்லியம் எவ்ளோ, எத்தன இஞ்ச்சுக்குள்ள குரூப் விழுதுங்கறதெல்லாம் இதுல பெருசா இருக்காது. இந்த துப்பாக்கிய என்னால முழுசா, யார் துணையும் இல்லாம இயக்க முடியுதா, அது மட்டும்தான் எனக்கு கேள்வி. முடியுது, அதுதான் பதில்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா இத நெறய பேர் லேசா எடுத்துக்கறாங்க. ஸ்லைடு டைட்டா இருந்தா "பழக பழக சரியாயிடும்"னு சொல்லுவாங்க. வலு இல்லாத கைக்கு டைட்டான ஸ்லைடு வெறும் அசௌகரியம் இல்ல, ஆபத்து. ரேஞ்ச்ல நின்னு கவனிச்சு பாருங்க, இழுக்க முடியாதவங்க என்ன பண்றாங்க? துப்பாக்கிய வயித்துகிட்ட கொண்டு வந்து குறுக்கால திருப்பி இழுப்பாங்க, அப்ப குழல் வாய் பக்கத்துல நிக்கறவர பாத்து திரும்பிடும், பிடிக்கு வலு போதலன்னு ஆள்காட்டி விரலும் தன்னால ட்ரிகர் கார்டுக்குள்ள (ட்ரிகர சுத்தி இருக்கற வளையம்) போயிடும். அதவிட முக்கியம், சேம்பர்ல (சுடறதுக்கு தயாரா தோட்டா உக்கார்ற எடம்) தோட்டா இருக்கா இல்லையான்னு திறந்து பாக்க முடியாதவர் கையில இருக்கற துப்பாக்கிய அவரால காலி பண்ணவும் முடியாது, நடுவுல தோட்டா சிக்கிட்டா சரி பண்ணவும் முடியாது. சுட மட்டும் தெரிஞ்சு காலி பண்ணத் தெரியாத நிலைல யாரும் துப்பாக்கி வச்சிருக்கக் கூடாதுன்னு நான் நம்பறேன். அதனாலதான் "ஈஸி"ங்கற பேர நான் விளம்பர வார்த்தையா பாக்கல, என்னப் பொறுத்தவரைக்கும் அதுதான் இதோட முதல் சேஃப்டி.

சரி, ஸ்லைடு ஏன் இவ்ளோ லேசா இருக்கு? இது 2018ல வந்த பிஸ்டல். .380 ஏசிபி தோட்டா 1908லேர்ந்து இருக்கு, 9 எம்எம் தோட்டாவ விட சக்தி கம்மி, அதனால .380ன்னாலே லேசா இருக்கும்னு நெனச்சு போய் பழைய டிசைன் பிஸ்டல் ஒண்ண வாங்கிட்டு அவஸ்தப்படறவங்க உண்டு. வால்தர் பிபிகே, பெர்சா தண்டர் மாதிரி .380கள் எல்லாம் ப்ளோபேக். அதாவது தோட்டா வெடிக்கறப்ப ஸ்லைடு சட்டுனு பின்னாடி திறந்துடாம பிடிச்சு நிறுத்தறது ஸ்லைடோட எடையும் ஸ்ப்ரிங்கும் மட்டும்தான், பேரலோட (குழலோட) எந்த பூட்டும் கிடையாது. அதனால ஸ்ப்ரிங்க கெட்டியா போட்டே ஆகணும், நம்ம கைதான் அந்த ஸ்ப்ரிங்கோட மல்லுக்கட்டணும். ஷீல்டு ஈஸில பேரலும் ஸ்லைடும் சேந்து பூட்டிக்கிட்டு கொஞ்ச தூரம் ஒண்ணா பின்னாடி போய், அப்பறம் பேரல் சாஞ்சு விடுபடுது. பெரிய 9 எம்எம்கள்ல இருக்கற அதே முறைதான். அழுத்தத்த பூட்டு தாங்கிக்கறதால ஸ்ப்ரிங் மென்மையா இருந்தா போதும். சுடறப்ப கைல விழற அடியும் ப்ளோபேக் .380 மாதிரி சுள்ளுனு இருக்காது, ஒரு மெதுவான தள்ளு மாதிரிதான் வரும்.

ரெண்டாவது விஷயம் உள்ள இருக்கற ஹேமர், அதாவது தோட்டாவ வெடிக்க வைக்க தட்டற சுத்தியல். இந்த சைஸ்ல வர்ற பிஸ்டல் பெரும்பாலும் ஸ்ட்ரைக்கர் வகை (சுத்தியலுக்கு பதிலா ஸ்ப்ரிங் வச்ச ஊசி), இது அப்படி இல்ல, வெளிய தெரியாத ஹேமர் உள்ள இருக்கு. ஸ்லைட முதல் தடவ இழுக்கறப்ப ஹேமரையும் சேத்து சாய்க்கறோம், அதுல கொஞ்சம் கனம் தெரியும். ஹேமர் ஏற்கனவே சாஞ்சு நிக்கறப்ப மறுபடி இழுத்தா இன்னும் லேசா வரும். புதுசா கைல எடுக்கறவங்களுக்கு "முதல்ல கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு, அப்பறம் சரியாயிடுச்சே"ன்னு தோணறதுக்கு இது ஒரு காரணம். ஸ்லைடோட பின்பக்கம் ரெண்டு ஓரத்துலயும் சின்னதா காது மாதிரி வெளிய நீட்டிட்டு இருக்கும், விரல் அதுல போய் முட்டி நிக்கறதால வழுக்காது. எனக்கு இறுக்கிப் பிடிக்கதான் வராது, முட்டுக் குடுத்து தள்ள வரும், அந்தக் காது ரெண்டும் அதுக்காகவே வச்ச மாதிரி இருக்கு.

இழுக்கற முறையும் முக்கியம்ங்க. இடது கையால ஸ்லைட பின்னாடி இழுக்காதீங்க, ஸ்லைட மேலேர்ந்து நாலு விரலாலயும் உள்ளங்கையாலயும் கவ்விப் பிடிச்சுக்கிட்டு, வலது கைல இருக்கற பிடிய முன்னாடி தள்ளுங்க. குழல் வாய் இலக்க பாத்தே இருக்கணும், துப்பாக்கி நெஞ்சுக்கு கிட்ட இருக்கணும். தோள் வலுவும் சேந்துக்கும், விரல் மூட்டுக்கு பாரம் போகாது. எங்க அத்தைக்கு எழுபது வயசுக்கு மேல, ரெண்டு கையிலயும் மூட்டு தேஞ்சு போச்சு. வேற ஒரு சின்ன 9 எம்எம்ம இழுக்கவே முடியாம "எனக்கு இதெல்லாம் வேணாம்டா"ன்னு திருப்பிக் குடுத்தவங்க. இத டம்மி ரவுண்டு போட்டு குடுத்து, "அத்தை, இழுக்காதீங்க, முன்னாடி தள்ளுங்க"ன்னு சொன்னேன், தள்ளிட்டாங்க. அப்ப அவங்க மொகத்துல வந்த தெம்ப பாத்துட்டுதான் இந்த ரிவ்யூவ எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

மேகசின் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஸ்லைட விட மேகசின்தான் பெரிய கொடுமை. சாதாரண மேகசின்ல கடைசி ரெண்டு மூணு தோட்டாவ அமுக்கி ஏத்தறப்ப கட்டைவிரல் நகமே பிஞ்சு வந்துடும் போல இருக்கும். இதுல 8 தோட்டா போகும், பக்கத்துல ஒரு குமிழ் இருக்கு, .22 பிஸ்டல் மேகசின்ல இருக்குமே அதே மாதிரி. அத கீழ இழுத்துப் பிடிச்சா உள்ள ஸ்ப்ரிங் இறங்கிக்கும், தோட்டாவ சும்மா உள்ள விட்டா போதும். இதுல ஒரே ஒரு கவனம், லேசா இருக்கேன்னு குமிழ ஒரேயடியா அடிவரைக்கும் இழுத்துட்டு தோட்டாவ கொட்டக் கூடாது, தோட்டா உள்ள தல கவுந்து குறுக்க நிக்கும், அப்பறம் ஊட்டறப்ப சிக்கும். ஒரு தோட்டாவுக்கு எவ்ளோ எடம் வேணுமோ அவ்ளோ மட்டும் இறக்குங்க. "அடிக்கடி ஜாம் ஆகுது"ன்னு யாராவது சொன்னா நான் முதல்ல கேக்கறது மேகசின எப்படி நெரப்பினீங்கன்னுதான்.

அடுத்து கேக்கறது பிடிய. இதுல பிடியோட பின்பக்கம் கிரிப் சேஃப்டி இருக்கு, உள்ளங்கை அத முழுசா அமுக்கினாதான் சுடும். 1911ங்கற மாடல் பிஸ்டல் பழகினவங்களுக்கு இது புதுசு இல்ல. பிடி தளர்ந்தாலோ, கைய கீழ இறக்கிப் பிடிச்சாலோ ட்ரிகர் அழுத்தியும் சுடாது. கை வலு கம்மியா இருக்கவங்களுக்காக செஞ்ச துப்பாக்கில அமுக்கிப் பிடிக்க வேண்டிய சேஃப்டி எதுக்குன்னு சில ஓனர்கள் கோவப்படறாங்க, அந்தக் கோவத்துல நியாயம் இருக்கு. ஆனா எனக்கு இது தொந்தரவா படல, அமுக்கறதுக்கு பெரிய பலம் வேண்டியதில்ல, கைய மேல ஏத்திப் பிடிக்கற பழக்கம்தான் வேணும். வாங்கறதுக்கு முன்னாடி உங்க கைல, உங்க வலியோட, உங்க பிடில இது முழுசா அமுங்குதான்னு பாத்துட்டு வாங்குங்க. வலி இருக்கற நாள்ல போய் பாக்கறது இன்னும் நல்லது, வலி இல்லாத நாள்ல எல்லா துப்பாக்கியும் நல்லாதான் இருக்கும். மணிக்கட்டு ரொம்ப தளர்ந்து போனா வேற பிரச்சனையும் வரும், ஸ்லைடு முழுசா பின்னாடி போகாம காலி ஷெல் நடுவுல மாட்டிக்கும், இது இந்த பிஸ்டல்னு இல்ல, லேசான எந்த ஆட்டோமேட்டிக்குக்கும் உண்டு. ரெண்டு கையாலயும் பிடிங்க, முழங்கைய ரொம்ப மடக்காதீங்க.

ட்ரிகர் நல்லா இருக்கு. இது சிங்கிள் ஆக்‌ஷன், அதாவது ஸ்லைட இழுக்கறப்பவே ஹேமர் சாஞ்சுடும், ட்ரிகர் அத விடுவிச்சா போதும், நீளமா இழுத்துட்டே இருக்க வேண்டியதில்ல, சுருக்கமா உடையுது. மூட்டு வலி உள்ள விரலுக்கு அது பெரிய உதவி. ஆனா அதே காரணத்துக்காக கட்டைவிரல் சேஃப்டி இல்லாத மாடல விட இருக்கற மாடலதான் நான் எடுத்தேன், லேசான ட்ரிகருக்கு கூட ஒரு தடுப்பு இருக்கட்டும்னு. அந்த சேஃப்டி ரெண்டு பக்கமும் இருக்கு, இடது கைக்காரங்களும் தள்ளலாம். கழட்டி தொடைக்கறப்ப ட்ரிகர அழுத்த வேண்டியதில்லங்கறத நான் ரொம்ப மதிக்கறேன். ஸ்லைட பின்னாடி நிறுத்தி, லீவர திருப்பி, ஸ்லைட முன்னாடி விட்டா வந்துடும். ட்ரிகர அழுத்திதான் கழட்டணும்னு இருக்கற பிஸ்டல்கள்ல சேம்பர பாக்க மறந்து அழுத்தி விபத்து நடந்திருக்கு, இங்க அந்த வழியே அடைபட்டுடுது. சேம்பர்ல தோட்டா இருந்தா மேல ஒரு சின்ன தகடு எழும்பி நிக்கும், தடவினாலே தெரியும், இருட்டுல உதவும். ஆனா அத நம்பி திறந்து பாக்கறத விட்டுடாதீங்க.

சைஸ்தான் எல்லாருக்கும் பிடிக்காது. பேரல் 3.675 இஞ்ச், மொத்த நீளம் 6.7 இஞ்ச், எடை சுமார் 525 கிராம். .380ல பாக்கெட்ல போடற பொடி பிஸ்டல் எதிர்பாத்து வந்தா இது பெருசு. பெருசா இருக்கறதாலதான் பிடிக்க மூணு விரலுக்கும் எடம் இருக்கு, இழுக்க ஸ்லைடு நீளம் இருக்கு, அடியும் கம்மி. ரொம்ப சின்ன துப்பாக்கிதான் பழகாதவங்களுக்கு சுலபம்னு ஒரு தப்பான எண்ணம் இருக்கு, உண்மை நேர் எதிர். ஸ்லைடு குட்டையானா பிடிக்க எடம் இருக்காது, ஸ்ப்ரிங் கெட்டியாகும், லேசான எடைல அடி மொத்தமும் கைக்கு வரும்.

.380 போதுமா, 9 எம்எம் ஈஸி வாங்கலாமாங்கறது ஓயாத சண்ட. எங்க மாமா 9 எம்எம் ஷீல்டு ஈஸி வச்சிருக்கார், அது அடுத்து வந்த மாடல், அதுவும் 8 தோட்டாதான், சுமார் 660 கிராம். ரெண்டையும் மாத்தி மாத்தி சுட்டிருக்கேன். அதோட ஸ்லைடும் மத்த 9 எம்எம்கள விட லேசுதான், ஆனா 380 அளவுக்கு இல்ல, சுட்டப்பறம் ராத்திரி என் மணிக்கட்டு அத நல்லாவே ஞாபகப்படுத்தும். 9 எம்எம் தோட்டா பொதுவா மலிவு, எங்கயும் கிடைக்கும், சக்தியும் தெளிவா அதிகம், கை தாங்கும்னா அதயே எடுங்கன்னுதான் நானும் சொல்லுவேன். ஆனா வலிக்கு பயந்து பயிற்சிக்கே போகாம டிராயர்ல கிடக்கற 9 எம்எம்ம விட, அடிக்கடி போய் சுட்டு பழகற .380 மேல். மாமாவுக்கு இதுல உடன்பாடு கிடையாது, "கை பழகிக்கும் மாப்ள"ம்பார். அவர் கை பழகிக்கும், என்னோடது பழகாது.

வேற என்ன பாக்கலாம்னா, ரூகர் செக்யூரிட்டி 380 இருக்கு, 2023ல வந்தது, அதுவும் உள்ஹேமர், லேசான ஸ்லைடு, தோட்டா இதவிட நெறய பிடிக்கும். 9 எம்எம்லயே தோட்டா அதிகம் வேணும்னா ஷீல்டு ஈஸி குடும்பத்துலேர்ந்தே 2022ல ஈக்வலைசர்னு ஒண்ணு வந்துச்சு, 15 தோட்டா வரைக்கும் மேகசின் உண்டு. வால்தர் சிசிபில தோட்டா விடற வாயுவ வச்சே ஸ்லைட தாமதப்படுத்தறாங்க, யோசன அருமை, ஆனா தொடர்ந்து சுட்டா ட்ரிகர் கார்டுக்கு மேல சூடு ஏறும். ஸ்லைட தொடவே முடியாத அளவு கை மோசம்னா பெரெட்டால பேரல் மட்டும் மேல எழும்பற மாடல்கள் இருக்கு, தோட்டாவ நேரா பேரல்ல வச்சு மூடிடலாம், அந்த வசதி வேற எதுலயும் லேசுல கிடைக்காது.

இப்ப இருக்கறதுலயே முக்கியமான விஷயம். உங்களுக்கு லேசா இழுக்க வருதுன்னா வீட்ல இருக்கற பத்து வயசு புள்ளைக்கும் வரும். டைட்டான ஸ்லைடு குழந்தைகள தடுக்கும்னு நம்பறதே தப்பு, ஆனா இதுல அந்தப் பேச்சுக்கே எடமில்ல. கிரிப் சேஃப்டியும் கட்டைவிரல் சேஃப்டியும் பூட்டு கிடையாது. மேகசின கழட்டி வச்சுட்டேன்னு நிம்மதியா இருக்காதீங்க, சேம்பர்ல ஒண்ணு இருந்தா அது அங்கயேதான் இருக்கும். பூட்டற பெட்டி கண்டிப்பா வேணும், அதுவும் உங்க விரலால திறக்க முடியற பெட்டியா பாத்து வாங்குங்க. சின்ன சாவிய திருப்பறது எனக்கு கஷ்டம், அதனால பெரிய பட்டன் வச்ச பெட்டி வாங்கினேன், பெட்டி திறக்க கஷ்டமா இருந்தா நாளடைவுல பூட்டாமயே விட்டுடுவோம்னு எனக்கு என்னையே தெரியும்.

செகண்ட் ஹேண்டா வாங்கறவங்க ஒண்ணு கட்டாயம் பாக்கணும். 2020 நவம்பர்ல கம்பெனியே ஷீல்டு ஈஸிகள திரும்பக் கேட்டாங்க, 2020 மார்ச் 1லேர்ந்து அக்டோபர் 31 வரைக்கும் செஞ்சதுகள்ல. சிலதுல ஹேமர் சரியான அளவுல இல்லாம விரிசல் விட்டு, ட்ரிகர மறுபடி அழுத்தாமயே ஒண்ணுக்கு மேல சுட வாய்ப்பு இருக்குன்னு சொல்லி இலவசமா மாத்திக் குடுத்தாங்க. பழைய ஓனர் அத மாத்தினாரா இல்லையான்னு உங்களுக்கு தெரியாது, சீரியல் நம்பர கம்பெனில குடுத்து கேட்டுட்டு அப்பறம் காசக் குடுங்க. கேட்டு முடியற வரைக்கும் அதுல ஒரு தோட்டாவும் போடாதீங்க.