என் பெயருக்கு மூன்று பறவைகள்: லக்சரில் ஒரு பாப்பிரஸ் கடை

எகிப்தில் இருக்கும் லக்சர் நகரத்துக்குப் போனால் வழிகாட்டி எப்படியும் ஒரு பாப்பிரஸ் கடையில் கொண்டுபோய் விடுவார். பாப்பிரஸ் என்பது ஒருவகைக் கோரைத் தண்டில் செய்யும் பழைய எகிப்தியத் தாள். எங்களையும் விட்டார். கடைப் பெயர் வேண்டாம், சரக்கைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் செம்பருத்தித் தேநீர், அப்புறம் செய்முறை விளக்கம். முக்கோணத் தண்டின் பச்சைத் தோலைச் சீவி, உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையை நாடா நாடாவாக அறுத்து ஊறப் போடுகிறார்கள். ஒரு அடுக்கு நெடுக்காக, அதன்மேல் ஒரு அடுக்கு குறுக்காக வைத்து அழுத்தினால் தாள். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தக் கட்டம் தெரிய வேண்டும். தெருவில் வாழை நாரில் செய்த போலியும் விற்கிறார்கள், மடித்தால் உடைகிறது. இங்கே தாள் அசல்.

குறையெல்லாம் ஓவியத்தில்தான். 'மெய்தூம் வாத்துகள்' என்ற பழைய எகிப்தியச் சுவரோவியத்தின் பிரதி ஒன்று மாட்டியிருந்தது. மூல ஓவியம் சுமார் 4,600 ஆண்டுப் பழையது. மெய்தூம் என்ற இடத்தில், இளவரசர் நெஃபர்மாத், அவர் மனைவி இதெத் ஆகியோரின் கல்லறையில் 1871இல் கிடைத்தது. ஆறு வாத்துகள், இரு கோடியிலும் ஒவ்வொன்று தலை குனிந்து மேயும். இனத்துக்கு இனம் இறகு வேறு, சிலவற்றுக்கு நெஞ்சு செங்காவி. கடைப் பிரதியில் ஆறுக்கும் ஒரே பழுப்பு! பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவள் நான். மாணவன் இப்படி வரைந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

எதைக் காட்டிக் கேட்டாலும் விற்பவர் "அதிர்ஷ்டம், மேடம்" என்றார். மனிதத் தலையோடு ஒரு பறவை இருந்தது. அது 'பா'. இறந்தவரின் உயிர்; பகலில் வெளியே பறந்து, இரவில் கல்லறையில் கிடக்கும் உடலுக்குத் திரும்பும். அதையும் வரவேற்பறையில் மாட்டச் சொன்னார். என் வீட்டுக்காரர் மெல்ல நகர்ந்துவிட்டார்.

கடைசியில், நம் பெயரைப் பழைய எகிப்தியச் சித்திர எழுத்தில் எழுதித் தரும் மேசை. 'உமா' என்றேன். உ-வுக்குக் காடைக் குஞ்சு, ம-வுக்கு ஆந்தை, ஆ-வுக்குப் பாறு (பிணந்தின்னிக் கழுகு). முழுக்கப் பறவைகள்! (பழைய எகிப்தியர் உயிரெழுத்தை எழுதவில்லை, இது பயணிகளுக்கான அட்டவணை. பரவாயில்லை.) மற்ற இரண்டும் பக்கவாட்டில் நிற்க, ஆந்தை மட்டும் முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கிறது. அந்தப் பாறு, திருக்கழுக்குன்றத்தில் பிரசாதம் உண்ண வந்துகொண்டிருந்த அதே இனம்.

600 எகிப்திய பவுண்டு சொன்னதை 400க்குப் பேசி முடித்தேன். வரைந்த பையன் கை வேகம். ஆனால் எழுத்துப் பறவைகள் எல்லாம் வரியின் தொடக்கத்தைப் பார்த்து நிற்க வேண்டும். என் காடைக் குஞ்சு மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்தது. சுட்டிக்காட்டியதும் சிரித்துக்கொண்டே புதுத் தாள் எடுத்து வரைந்தான், கூடுதல் காசு கேட்கவில்லை. பிழையானதையும் சுருட்டி அதே அட்டைக் குழாயில் போட்டுக் கொடுத்தான்.