8,750 டாலர் போய்விட்டது: பழைய குவாட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கை இன்னும் நடுங்குகிறது, அதனால் எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 8,750 டாலர். எட்டாயிரத்து எழுநூற்றைம்பது. ஆஸ்திரேலியாவில் கொஞ்சம் நிலம் வாங்கிப்போட்டு வார இறுதியில் விவசாயம் பார்க்கும் நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரிய குவாட் வண்டி, அதாவது பண்ணையில் ஓட்டுகிற நாலு சக்கர பைக், வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் நிலம் விக்டோரியா மாநிலத்தின் தெற்கு கிப்ஸ்லாந்தில், கொரம்பரா பக்கம், 22 ஏக்கர். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும், ஆனால் சமதளம் என்று வீடு கட்டுகிற அளவுக்குத்தான் கிடைக்கும். மீதியெல்லாம் சரிவு. அந்தச் சரிவு முழுக்க பிளாக்பெரி முள்புதர். அதை நிலத்துக்காரர்தான் கட்டுப்படுத்த வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இரண்டு வருடம் முதுகில் மருந்து டேங்க்கைச் சுமந்து ஏறி இறங்கிப் பார்த்தேன், முழங்கால் போதும் என்றது. சரி, ஒரு குவாட் வாங்கலாம் என்று முடிவு.

ஒன்றும் தெரியாமல் போய் ஏமாந்தேன் என்று நினைக்காதீர்கள். அதுதான் எரிச்சல். பக்கத்துப் பண்ணைக்காரரிடம் பழைய ஹோண்டா 500 இருக்கிறது, பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அச்சு. அதை எங்கள் சரிவிலேயே ஓட்டிப் பார்த்தேன். கல் ஏறினால் முதுகெலும்பு வரைக்கும் அடிக்கும், ஆனால் குறுக்குச் சரிவில் உடல் சாயாது, பலகை மாதிரி நிற்கும். இன்னொரு நண்பரிடம் யமஹா கிரிஸ்லி 700. அதில் பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், பவர் ஸ்டியரிங். மேடு பள்ளத்தில் மெத்தை மாதிரி போகும், ஆனால் சரிவில் கொஞ்சம் கீழ்ப்பக்கம் இறங்கும். அந்தச் சாய்வைப் பிடித்து நிறுத்தத்தான் பின்னால் இடதையும் வலதையும் இணைத்து ஆன்டி-ரோல் பார் என்று ஒரு கம்பி வைத்திருக்கிறான். ஒரு பக்கம் அமுங்கினால் அது முறுகி எதிர்த்து நிற்கும்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். இந்த மாதிரிப் பெரிய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பின் சக்கரம் இரண்டும் ஒன்றாகவே சுழலும், திருப்பத்தில் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிட காரில் இருக்கிற டிஃபரென்ஷியல் கிடையாது. அதனால் கெட்டியான தரையில் ஹேண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகத் தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும், ஓட்டுகிறவன்தான் உடம்பை உள்பக்கம் சாய்த்துத் திருப்ப வேண்டும். முன்னூறு கிலோவுக்கு மேல் எடை, அகலம் நாலடிதான். அதற்கு மேல் நம் எடை, பின் ரேக்கில் தண்ணீர் டேங்க். கவிழாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இந்த நாட்டில் குவாட் விபத்தில் வருடத்துக்குச் சராசரியாகப் பதினாறு பேர் செத்துக்கொண்டிருந்தார்கள், அதனால்தான் சட்டமே வந்தது. 2020 அக்டோபரிலிருந்து புது வண்டி ஒவ்வொன்றிலும் எத்தனை டிகிரி பக்கவாட்டில் சாய்த்தால் சக்கரம் தூக்கும் என்று ஓர் அட்டை தொங்க வேண்டும். 2021 அக்டோபர் 11 முதல் அந்தக் கோணம் குறைந்தது 28.81 டிகிரி இருக்க வேண்டும், பின்னால், கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்றுகிற பாதுகாப்பு வளையமும் இருக்க வேண்டும். இதெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன்.

படித்ததுதான் வினை.

கடை, பழைய பண்ணை இயந்திரங்கள் விற்கிற ஒரு பெரிய யார்டு. பெயர் சொல்லவில்லை. வண்டி 2014 மாடல், 700 சிசி, தனி சஸ்பென்ஷன். பிராண்டும் வேண்டாம், தப்பு அதைச் செய்த கம்பெனி மேல் இல்லை. விற்றவருக்கு அறுபது வயது இருக்கும். நான் கேட்பதற்கு முன்னாலேயே ரேக்கில் ஒரு நசுங்கலையும் சீட்டில் ஒரு கிழிசலையும் அவரே காட்டினார். "இதை நான் சொல்லாவிட்டால் நீங்கள் வீட்டுக்குப் போய் என்னைத் திட்டுவீர்கள், மேட்" என்று நண்பனிடம் பேசுகிற மாதிரி சிரித்தார். அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். சின்னக் குறையைத் தானாகவே காட்டுகிறவன் பெரிய குறையை மறைப்பானா என்று மனசு ஒரு கணக்குப் போட்டுவிட்டது. அப்புறம் ஹேண்டிலில் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினார். 30 டிகிரி. "சட்டம் கேட்பதைவிட அதிகம், பின்னால் வளையமும் இருக்கிறது பாருங்கள்." நான் படித்ததையெல்லாம் அவர் வாயாலேயே கேட்டதும் எனக்கு ஒரே பெருமை. ஓட்டிப் பார்த்தேன், யார்டின் கான்கிரீட் தரையில், இரண்டு சுற்று. ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி இருந்தது, சாய்வே இல்லை. பணம் கட்டி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். 8,750.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "என்னங்க, மேட்டுல ஏத்திப் பார்த்தீங்களா?" கடையில் மேடு எங்கே இருக்கிறது என்று எரிந்து விழுந்தேன். அதற்கு அவளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மறுநாள் டயரில் காற்றைப் பார்த்தால் 15 பிஎஸ்ஐ. அந்த டயருக்கு 5 முதல் 7 வரைதான் வேண்டும். மறந்து அடைத்திருப்பார்கள் என்று நினைத்து இறக்கினேன். இறக்கியதும் வண்டி இடப்பக்கம் லேசாக உட்கார்ந்த மாதிரி தெரிந்தது. தரை சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன சனிக்கிழமை பின் ரேக்கில் டேங்க்கைக் கட்டி அறுபது லிட்டர் ஊற்றிக்கொண்டு மேலே போனேன். குறுக்குச் சரிவு, மெதுவாகத்தான் போனேன், நடக்கிற வேகம். இடப்பக்கம் பள்ளம். ஒரு சின்னக் குழியில் இடது பின் சக்கரம் இறங்கியது, இறங்கியது இறங்கிக்கொண்டே போனது, எதுவும் பிடிக்கவில்லை. டேங்கில் இருந்த தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் ஓடியது. வலது பக்கச் சக்கரம் இரண்டும் தரையை விட்டுத் தூக்கிவிட்டது. மேல்பக்கம் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டேன், என் எடைக்கு வண்டி அசையவில்லை. கீழே ஒரு பழைய மரக்கட்டை, அதில் போய் முட்டி நின்றது. அந்தக் கட்டை இல்லையென்றால் இதை என் மனைவிதான் எழுதிக்கொண்டிருப்பாள்.

லியங்காத்தா பக்கத்து மெக்கானிக் ஒருவரிடம் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் தூக்கி வைத்துக் கீழே படுத்துப் பார்த்து, பத்து நிமிடம் பேசவே இல்லை. ஆன்டி-ரோல் பார் இருக்கிறது, ஆனால் அதைச் சக்கரத்தோடு இணைக்கிற கம்பி இரண்டு பக்கமும் இல்லை, சும்மா அலங்காரத்துக்குத் தொங்குகிறது. இடது பின் ஷாக் ஆப்சார்பர் வேலையே செய்யவில்லை, அந்த மூலையைக் கையாலேயே அமுக்கலாம். வலது பின் சக்கரத்தைத் தாங்குகிற ஆர்ம் வளைந்திருக்கிறது, சக்கரம் உள்ளே போனது தெரியாமல் இருக்க அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் சக்கரத்தை வெளியே தள்ளுகிற ஸ்பேசர் போட்டிருக்கிறார்கள். சீட்டுக்கு அடியில் வண்டியின் இரும்புச் சட்டகத்தில் வெல்டிங், மேலே புது பெயின்ட். "இது ஒரு தடவையாவது உருண்ட வண்டி. அப்புறம்தான் வளையத்தை மாட்டியிருக்கிறார்கள்" என்றார். அந்த அட்டையைப் பற்றிக் கேட்டேன். "2014 வண்டிக்கு ஏது அட்டை?" என்றார். எனக்குத் தலை சுற்றியது. ஆமாம், நான் படித்த சட்டமே 2020-இல் வந்ததுதானே. உள்நாட்டில் கைமாறுகிற பழைய வண்டிக்கு அது பொருந்தாது. காதில் பூ சுற்றியிருக்கிறான், நான் குனிந்து காட்டியிருக்கிறேன். சரிசெய்ய 4,300 ஆகும், செய்தாலும் சட்டகத்துக்கு உத்தரவாதம் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

கடைக்கு போன் செய்தேன். முதல் தடவை அதே சிரிப்பு: தனி சஸ்பென்ஷன் என்றால் சாயத்தான் செய்யும், நீங்கள் உடம்பைச் சாய்க்கப் பழக வேண்டும், மேட். இரண்டாம் தடவை ஒரு பெண் எடுத்து, விற்றவர் கண்காட்சிக்குப் போயிருக்கிறார் என்றார். மூன்றாம் தடவை, மதியம் கூப்பிடுவார். எந்த மதியம் என்று தெரியவில்லை. அப்புறம் மின்னஞ்சலில் மூன்றே வரி: வண்டி எங்களுடையது அல்ல, தனிநபர் ஒருவருக்காக விற்றுக்கொடுத்தோம், ரசீதின் பின்பக்கம் பார்க்கவும். பார்த்தேன். பொடி எழுத்தில் இருக்கிறது, கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. கடையே தன் வண்டியை விற்றிருந்தால் 'இருக்கிற நிலையில் விற்பனை' என்று எழுதிக்கொண்டாலும் நுகர்வோர் சட்டத்தில் இருந்து தப்ப முடியாது. தனிநபர் வண்டி என்று ஆக்கிவிட்டால் அந்த உத்தரவாதம் அநேகமாகக் கைவிட்டுப் போகிறது. பொய் சொல்லி விற்றதற்கு இந்த மாநிலத்தின் விகேட் (VCAT) தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம் என்கிறார்கள், ஆனால் 30 டிகிரி என்று அவர் வாயால் சொன்னதற்கு என்னிடம் என்ன சாட்சி? அட்டையைக்கூட நான் எடுத்து வரவில்லை, பணம் கட்டும்போது அவர் கழற்றி வைத்துக்கொண்டார்.

நேற்று நேரில் போனேன். அவர் இல்லையாம். வெளியே வரும்போது வாசலில் வேறொரு பழைய வண்டி, ஹேண்டிலில் ஓர் அட்டை. 30 டிகிரி. ஓட்டை கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது, என் வண்டியில் தொங்கிய அதே அட்டை. இந்தத் தடவை போட்டோ எடுத்துக்கொண்டேன். உள்ளே இருந்து ஒருவர் வந்து இங்கே படம் எடுக்கக் கூடாது என்றார்.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. காற்று அளக்கிற கருவியைக் கையோடு கொண்டுபோங்கள், அளந்து சரியான அளவுக்கு இறக்கிவிட்டு ஓட்டுங்கள். கான்கிரீட்டில் ஓட்டாதீர்கள், சரிவு இல்லாத கடையில் வாங்காதீர்கள். பின்னால் நின்று இரண்டு பக்கமும் அமுக்கிப் பாருங்கள், சீட்டைக் கழற்றச் சொல்லுங்கள். ரசீதில் விற்கிறவர் யார் என்று பாருங்கள், பின்பக்கத்தையும். வண்டி மேல் கடன் இருக்கிறதா என்று பிபிஎஸ்ஆர் (PPSR) என்கிற அரசுப் பதிவேட்டில் தேடினேன், சுத்தம் என்று வந்தது, அது வண்டி உருண்டதா என்று சொல்லவில்லை. டேங்க்கைப் பாதி நிரப்பிக்கொண்டு சரிவுக்குப் போகாதீர்கள்.

விகேட்டுக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் எவ்வளவு நாள் ஆகும் என்று சொல்லுங்கள். வண்டி கொட்டகையில் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது, 8,750 டாலர். நான் முதுகு டேங்க்கை மறுபடி எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன்.